விலையும் வளர்ப்பும்

தமிழ்நாடு பிரீமியர் லீக் என்னும் டி20 கிரிக்கெட் போட்டி 2016-ஆம் ஆண்டில் தொடங்கிய காலம் முதல் 2022 வரையில், அணிகள் தமக்கு வேண்டிய ஆட்டக்காரர்களை முறை வைத்து ஒருவர்பின் ஒருவராகப் பொறுக்கிக்கொள்ளும் 'டிராஃப்ட்' என்ற ஏற்பாட்டைக் கைக்கொண்டிருந்தது. 2023 பிப்ரவரியில் அந்த ஏற்பாடு கைவிடப்பட்டு, ஐபிஎல் போட்டியின் வழியைப் பின்பற்றி, மாமல்லபுரத்தில் முதன்முறையாக ஏலம் நடைபெற்றது. ஆட்டக்காரர்களுக்குப் பணம் கூடுதலாகக் கிடைக்கிறது, ரசிகர்களுக்கு உத்ஸாகம் கிடைக்கிறது என்ற இரண்டு லாபங்களை உடனே கண்டுகொண்ட நாம், அந்த மாற்றத்தில் நழுவிப்போனது என்ன என்று நின்று யோசிக்கவில்லை. இளைஞன் ஒருவனை விலைக்கு வாங்குவது ஒரு காரியம். அவனைத் தெரிந்தெடுத்துப் பொறுமையோடு வளர்த்து ஆளாக்குவது வேறொரு காரியம். மதுரை போன்ற மாவட்டங்களில் கிரிக்கெட் வேரூன்றித் தழைக்கவேண்டுமானால், முதன்முறையாக இந்த லீக்கிற்கு வருகிற புதுமுகங்களுக்கேனும் டிராஃப்ட் முறை திரும்பவேண்டும் என்பது என் திடமான அபிப்பிராயம்.

இந்த முறையின் பூர்வீகம் அமெரிக்கா. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடுகிற அமெரிக்கக் கால்பந்தின் தொழில்முறை லீக்கில், செல்வம் மிகுந்த சில அணிகளே கல்லூரிகளிலிருந்து வரும் சிறந்த இளைஞர்களை ஆண்டுதோறும் அள்ளிக்கொண்டு போவதையும், ஏழை அணிகள் மேலும் மேலும் நலிவதையும் கண்டு மனம் வெதும்பிய ஃபிலடெல்ஃபியா ஈகிள்ஸ் அணியின் உரிமையாளர் பெர்ட் பெல் என்பவர், சென்ற பருவத்தில் கடைசி இடம் பெற்ற அணிக்கே முதல் தேர்வு உரிமை, முதலிடம் பெற்ற அணிக்குக் கடைசித் தேர்வு என்ற யோசனையை 1935-இல் மற்ற உரிமையாளர்கள் முன் வைத்தார். 1936-இல் அது நடைமுறைக்கு வந்தது. சரித்திரத்தின் முதல் டிராஃப்டில் முதலாவதாகப் பெயர் சொல்லப்பட்ட ஜே பெர்வாங்கர் தொழில்முறை ஆட்டம் ஒன்றுகூட ஆடவில்லை என்ற விநோதத்தையும் இங்கே சொல்லிவைக்கலாம். ஆயினும் முறை நிலைத்தது. இன்று 32 அணிகள் 7 சுற்றுகளாகத் தேர்வு செய்கின்றன. தேர்வு வரிசையில் தனக்குள்ள இடத்தையே ஒரு சொத்தாகப் பாவித்து, பிற அணியோடு பண்டமாற்றுச் செய்துகொள்ளவும் அணிகளுக்கு உரிமை உண்டு.

அந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்ற ஸ்தானத்திற்கு உள்ள மகத்துவம் வேறெந்த ஸ்தானத்திற்கும் இல்லை. பந்து கைக்கு வந்த இரண்டு மூன்று விநாடிகளுக்குள், பாய்ந்து வரும் எதிரிகளுக்கு நடுவே நின்று, ஓடிக்கொண்டிருக்கும் தன் சகாக்களில் எவனுக்கு எறிவது என்று நிச்சயித்து எறியவேண்டியவன் அவன். அவன் கலங்கினால் அணியே கலங்கும். ஆகையால் கல்லூரியிலிருந்து வருகிற குவார்ட்டர்பேக்குகளை அளந்து பார்ப்பதற்கு அமெரிக்கர்கள் எடுக்கும் பிரயத்தனத்திற்கு எல்லையே இல்லை. உயரம், எடை, உள்ளங்கையின் அகலம், 40 கஜ தூரத்தை ஓடும் வேகம், ஆடிய ஒவ்வோர் ஆட்டத்தின் படம் என்று எதையும் விடுவதில்லை. இவ்வளவும் செய்தபிறகு அவர்களுடைய கணிப்பு பலிக்கிறதா?

1998-இல் பேட்டன் மேனிங், ரையன் லீஃப் என்ற இருவரில் எவர் உயர்ந்தவர் என்று பெரிய விவாதம் நடந்தது. முதலாவதாகத் தேர்வு பெற்ற மேனிங் அந்த ஆட்டத்தின் மகாபுருஷர்களில் ஒருவரானார். இரண்டாவதாகத் தேர்வு பெற்ற லீஃபை அவருடைய அணி மூன்று பருவங்களிலேயே விடுவித்துவிட்டது. 2007-இல் முதல் தேர்வான ஜமார்கஸ் ரஸலின் கதையும் மூன்று பருவங்களில் முடிந்தது. இவர்களுக்கு நேர் எதிராக, 2000-ஆம் ஆண்டில் 40 கஜத்தை 5.28 விநாடியில் மந்தமாக ஓடி முடித்த டாம் பிரேடி என்ற ஒல்லி இளைஞரை அணிகள் மாறி மாறிக் கைவிட, ஆறாம் சுற்றில் 199-ஆவது ஆளாக நியூ இங்கிலாந்து அணி எடுத்துக்கொண்டது. அவர் தம் ஆட்ட வாழ்வில் 7 முறை, அந்த லீக்கின் இறுதி ஆட்டமான சூப்பர் பவுல் பட்டத்தை வென்றார். 2023-இல் நம் மதுரை அணியைப் போலவே பாந்தர்ஸ் என்று பெயர் கொண்ட கரோலினா அணி, பிரைஸ் யங் என்ற இளைஞருக்காக 9-ஆவது இடத்திலிருந்து முதலிடத்திற்கு ஏறவேண்டி, பின்வரும் ஆண்டுகளின் தேர்வு உரிமைகளையும் தன் நல்ல ஆட்டக்காரர் ஒருவரையும் சிகாகோ அணிக்குத் தாரைவார்த்தது. அந்தப் பருவத்தில் 17 ஆட்டங்களில் கரோலினா வென்றது இரண்டே இரண்டு. கடைசி இடம் பெற்றதனால் மறு ஆண்டு அதற்குக் கிடைத்திருக்கவேண்டிய முதல் தேர்வு உரிமையும், ஏற்கெனவே கொடுத்துவிட்ட காரணத்தால், சிகாகோவின் கைக்கே போயிற்று. பாரம் முழுவதையும் முதல் நாளிலிருந்தே சுமக்க நேர்ந்த அந்த இளைஞரை அடுத்த பருவத்தில் இரண்டு ஆட்டங்களுக்குப்பின் வெளியே உட்கார வைத்தார்கள். பிற்பாடுதான் அவர் தேறி வந்தார்.

இவற்றினும் எனக்கு முக்கியமாகப் படுகிற திருஷ்டாந்தம் பாட்ரிக் மஹோம்ஸுடையது. 2017-இல் கான்ஸாஸ் சிட்டி அணி, 27-ஆவது இடத்திலிருந்து 10-ஆவது இடத்திற்கு விலை கொடுத்து ஏறி அவரை எடுத்தது. அவ்வளவு விலை கொடுத்தவர்கள் உடனே களத்தில் இறக்கிப் பலன் காண ஆசைப்படுவதுதானே இயல்பு? அவர்கள் அப்படிச் செய்யவில்லை. அலெக்ஸ் ஸ்மித் என்ற அனுபவசாலிக்குப் பின்னால் ஒரு பருவம் முழுவதும் அவரை உட்கார வைத்துக் கற்கச் செய்து, கடைசியில் ஓர் ஆட்டத்தில் மாத்திரம் தொடக்கம் முதல் ஆடவிட்டார்கள். பின்னர் அவர் அந்த அணிக்கு மூன்று சூப்பர் பவுல் பட்டங்களை வாங்கித் தந்தார். தேர்வில் எவ்வளவு புத்தி இருந்ததோ அவ்வளவு புத்தி, தேர்வுக்குப் பிந்திய அந்த ஓராண்டுக் காத்திருப்பிலும் இருந்தது.

இந்த விஷயத்தை மதுரைச் சீமைக்காரர்களுக்கு அமெரிக்காவிலிருந்து யாரும் வந்து போதிக்கவேண்டியதில்லை. அலங்காநல்லூர், பாலமேடு, அவனியாபுரம் வாடிவாசல்களுக்கு மாடு விடுகிறவர்கள் கன்று வாங்கும்போது சுழி பார்ப்பார்கள், கொம்பின் அமைப்பும் திமிலின் வளர்த்தியும் பார்ப்பார்கள். ஆனால் சுழி சுத்தம் என்று கண்டு பணத்தைக் கொடுத்ததோடு வேலை முடிந்ததாக எண்ணுகிற மாட்டுக்காரர் எவரும் இல்லை. பருத்திக்கொட்டை அரைத்து வைப்பதும், கண்மாயில் நீச்சலுக்கு விடுவதும், விடியற்காலையில் மைல் கணக்காக நடத்திக்கொண்டு போவதும், மண்ணைக் குத்தப் பழக்குவதும் என வருஷக்கணக்கில் வீட்டுப் பிள்ளைக்குச் செய்வதுபோலச் செய்த பின்னரே வாடிவாசலில் அதன் பெயரைச் சொல்லி அறிவிக்கக் கேட்கும் நாள் வருகிறது.

இனி நம் ஊர் அணியின் கதைக்கு வருகிறேன். முதலிரண்டு பருவங்களிலும் பெரும்பாலும் தோல்வியையே கண்டுவந்த மதுரை அணி, 2018 ஆகஸ்ட் 12 அன்று சேப்பாக்கத்தில் நடந்த இறுதி ஆட்டத்தில் திண்டுக்கல் டிராகன்ஸை 117 ஓட்டங்களுக்குள் அடக்கி, தன் முதல் மூன்று விக்கெட்டுகளையும் தொடக்கத்திலேயே பறிகொடுத்த பின்னும், அருண் கார்த்திக் ஆட்டமிழக்காமல் எடுத்த 75 ஓட்டங்களாலும் ஷிஜித் சந்திரன் மறுமுனையில் காட்டிய நிதானத்தாலும் கோப்பையை வென்றது. அடித்தட்டில் கிடந்த அணி மூன்றாம் ஆண்டில் சிகரம் ஏறியது டிராஃப்ட் இருந்த காலத்தில் என்பதை மறக்கக்கூடாது.

அந்த அணியில் இருந்தவர் வருண் சக்கரவர்த்தி. சிறு பிராயத்தில் விக்கெட் கீப்பர். வாய்ப்புக் கிட்டாமல் ஆட்டத்தையே விட்டுவிட்டுக் கட்டடக் கலை படித்து அத்தொழிலில் அமர்ந்தவர். ஆசை விடாமல் மறுபடியும் வந்து வேகப்பந்து வீசிப் பார்த்து, முழங்காலில் அடிபட்டு, வேகம் இனி ஆகாது என்று சுழற்பந்துக்கு மாறியவர். சென்னையில் நான்காம் டிவிஷன் லீக்கில் ஜூபிலி கிளப்புக்காக 2017-18 பருவத்தில் 7 ஆட்டங்களில் 31 விக்கெட்டுகளை எடுத்தார். முந்திய ஆண்டு காரைக்குடிக் காளை அணியில் இருந்தும் வெளித் தெரியாமல் போன அவருக்கு மதுரை அணி பந்தைத் தொடர்ந்து கையில் கொடுத்தது. மணிக்கட்டின் திருப்பத்தை மறைத்து, விரல் நுனிகளால் சுண்டிவிடும் அந்தப் பந்து இடமாகப் போகுமா வலமாகப் போகுமா என்று தெரியாமல் மட்டையாளர்கள் ஓவர் ஓவராகத் தவித்தனர். ஓவருக்கு ஐந்து ஓட்டங்களுக்கும் குறைவாகவே அவர் அந்தப் பருவத்தில் கொடுத்தார்.

அவ்வாண்டு டிசம்பரில் ஜெய்ப்பூரில் நடந்த ஐபிஎல் ஏலத்தில், 20 லட்சம் ரூபாய் அடிப்படை விலையில் பெயர் கொடுத்திருந்த அவரைப் பஞ்சாப் அணி 8.4 கோடிக்கு வாங்கிற்று. அந்த ஏலத்தின் உச்ச விலைகளில் அது ஒன்று. 2019 மார்ச் 27 அன்று கொல்கத்தாவின் ஈடன் கார்டன்ஸ் மைதானத்தில் பதினாயிரக்கணக்கான ஜனங்களின் ஆரவாரத்திற்கு நடுவே அவர் வீசிய முதல் ஓவரில் எதிரணியின் சுனில் நரைன் வெளுத்து வாங்க, 25 ஓட்டங்கள் போயின. நான்காம் டிவிஷனிலிருந்து ஓராண்டு காலத்திற்குள் அங்கே வந்து நின்ற மனிதர், அந்த ஓவரின் ஒவ்வொரு பந்திற்கும் முன்னால் 8.4 கோடி என்ற தொகையைத் தம் தலைமேல் சுமந்திருக்கவேண்டும். அந்தப் பருவத்தில் அவருக்குக் கிடைத்தது அந்த ஓர் ஆட்டமே; பிறகு விரலில் காயம்; பருவம் முடிந்ததும் விடுதலை.

கதை அங்கே முடிந்திருந்தால் வருண் ஓர் ஏமாற்றம் என்று ஊர் முடிவு கட்டியிருக்கும். ஆனால் கொல்கத்தா அணி அவரை 4 கோடிக்கு, பாதிக்கும் குறைந்த விலைக்கு, எடுத்து வைத்துக்கொண்டது. 2021 டி20 உலகக் கோப்பையில் மூன்று ஆட்டங்களில் ஒரு விக்கெட்டும் எடுக்காமல் இந்திய அணியிலிருந்து அவர் விலக்கப்பட்ட சில வாரங்களுக்குள்ளேயே, அதே கொல்கத்தா அவரை 8 கோடிக்குத் தக்கவைத்துக்கொண்டது. 2022-இல் அவர் எடுத்தது 6 விக்கெட்டுகள் மட்டுமே, அப்போதும் கைவிடவில்லை. 2023-இல் 20, கொல்கத்தா கோப்பை வென்ற 2024-இல் 21. பின்னர் மூன்றாண்டு வனவாசம் நீங்கி இந்திய அணிக்குத் திரும்பி, 2025 சாம்பியன்ஸ் டிராஃபியில் நியூஸிலாந்துக்கு எதிராக 42 ஓட்டங்களுக்கு 5 விக்கெட்டுகளைச் சாய்த்தார். பஞ்சாப் வாங்கியதும் கொல்கத்தா வளர்த்ததும் அதே கை விரல்களைத்தான்; இரண்டுக்கும் நடுவிலுள்ள வித்தியாசம் காத்திருக்கத் தெரிந்த மனம்.

சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டி நடராஜனின் வரலாறும் ஏறக்குறைய இதுவே. தமிழ்நாடு பிரீமியர் லீக்கில் திண்டுக்கல் அணிக்காகத் துல்லியமாக யார்க்கர்கள் வீசியதைக் கண்டு, 2017-இல் பஞ்சாப் அணி 3 கோடி கொடுத்தது. ஒரே பருவத்தில் விட்டுவிட்டது. 2018-இல் 40 லட்சத்திற்கு ஹைதராபாத் அணி எடுத்து, இரண்டு பருவங்கள் ஓர் ஆட்டமும் கொடுக்காமல், முத்தையா முரளிதரன் பந்துவீச்சுப் பயிற்சியாளராக இருந்த பாசறையில் வைத்துப் பழக்கியது. 2020-இல் அவர் 16 விக்கெட்டுகள் எடுத்தார். அவ்வாண்டின் இறுதியில் தொடங்கிய ஆஸ்திரேலியப் பயணத்தில் மூன்று வகை ஆட்டங்களிலும் இந்தியாவுக்காக அறிமுகமானார்.

மட்டையாளர் சாய் சுதர்சன் விஷயம் இன்னும் சுவாரஸ்யமானது. 2022-இல் ஐபிஎல்லின் குஜராத் அணி அவரை 20 லட்சத்திற்குப் பெற்றது. 2023-இல் மாமல்லபுர ஏலத்தில் கோவை அணி கொடுத்ததோ 21.6 லட்சம். உலகத்தின் மிகச் செல்வம் மிகுந்த கிரிக்கெட் லீக் கொடுத்ததைவிட மாநில லீக் கூடுதலாகக் கொடுத்தது! அவ்வாண்டு ஐபிஎல் இறுதி ஆட்டத்தில் அவர் 47 பந்துகளில் 96 ஓட்டங்கள் அடித்தார். 2025-இல் 759 ஓட்டங்களோடு அந்தப் போட்டியிலேயே முதலிடம் பெற்றார். விலை என்பது ஒருவனுடைய உண்மையான தகுதியைச் சொல்லும் தராசு என்று நம்புகிறவர்கள் இந்த எண்களை அடுத்தடுத்து வைத்துப் பார்க்கட்டும்.

நம் பக்கத்துக் கிராமங்களுக்கு அந்நியோந்நியமான கபடியிலும் இதே பாடம் கிடைத்திருக்கிறது. 2022-இல் தமிழ் தலைவாஸ் அணி 2.26 கோடிக்குப் பவன் செராவத்தை வாங்கியது. புரோ கபடியில் அதுவரை எவருக்கும் அவ்வளவு தொகை கிடைத்ததில்லை. முதல் ஆட்டத்திலேயே முழங்காலில் அடிபட்டு அவர் அந்தப் பருவம் முழுவதையும் இழந்தார். அவர் விட்டுப்போன வெற்றிடத்தை நிரப்பியவர், பெரிய விலை எதுவுமின்றி, இளம் ஆட்டக்காரர்களைத் திரட்டும் திட்டத்தின் வழியாக வந்த நரேந்தர் என்ற புதுமுகம். அவர் எடுத்த 243 ரெய்டு புள்ளிகளின் பலத்தில் தலைவாஸ் முதன்முறையாக அரையிறுதிக்குச் சென்றது.

ஏலத்திற்கு ஆதரவாகச் சொல்லப்படும் வாதத்தில் நியாயம் உண்டு என்பதை நான் மறுக்கவில்லை. டிராஃப்டில் ஊதியம் முன்கூட்டியே வகுக்கப்பட்டிருப்பதால், திறமை மிகுந்த ஏழைப் பையனுக்குக் கிடைக்கக்கூடிய பணம் கட்டுப்படுகிறது. எந்த அணிக்குப் போவது என்ற சுதந்திரமும் அவனுக்கு இல்லை. நெசவுத் தொழிலாளியின் மகன் ஒருவனுக்கு ஒரே நாளில் குடும்பத்தின் கடன் தீருமானால் அதைத் தடுக்க யாருக்கு மனம் வரும்? ஆனால் ஏலத்தில் அவ்வாறு கடன் தீர்ந்தவர்களின் பெயர்களைத்தான் நாம் கேட்கிறோம். பெயர் வாசிக்கப்பட்டு, எந்தக் கையும் உயராமல், அடுத்த பெயருக்குப் போய்விட்ட பையன்களின் முகங்களை எவரும் நினைப்பதில்லை. விலைக்கு வாங்கிய அணி உடனே பலன் கேட்கிறது. விளம்பரம் பெற்ற ஆட்டக்காரர் மீது பணத்தைக் கொட்டிய பின் மிச்சமுள்ள சொற்பத் தொகையில் புதுமுகங்களை எண்ணிக்கைக்காக நிரப்புகிறது. அப்படி நிரப்பப்பட்டவனுக்குப் பயிற்சி தருவதில் அதற்கு அக்கறை பிறக்கக் காரணம் ஏது? கடைசி இடத்து அணிக்கு முதல் தேர்வு என்றால் வேண்டுமென்றே தோற்பார்களே என்ற ஆட்சேபமும் உண்டு. அமெரிக்கக் கூடைப்பந்து லீக் 1985 முதல் அடித்தட்டு அணிகளுக்குள் சீட்டுக் குலுக்கி வரிசையை நிர்ணயித்து அதற்குப் பரிகாரம் தேடியிருக்கிறது.

ஆகையால் அனுபவமுள்ள ஆட்டக்காரர்களுக்கு ஏலம் இருந்துவிட்டுப் போகட்டும். முதன்முறை வருகிறவர்களுக்கு மட்டும் தனியே ஒரு டிராஃப்ட் நடக்கவேண்டும். கடைசியில் நின்ற அணி முதலில் எடுக்கவேண்டும். எடுத்த பையனை மூன்று பருவங்கள் தன்னிடம் வைத்துப் பயிற்றுவிக்கவும், கௌரவமான குறைந்தபட்ச ஊதியம் ஒன்றை ஆட்டம் கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் கொடுக்கவும் அணி கட்டுப்படவேண்டும். வளர்த்த அணியிடமிருந்து அவனை வேறு அணி பின்னால் ஏலத்தில் கொண்டுபோனால், அத்தொகையில் ஒரு பங்கு வளர்த்தவர்களுக்கும், அவன் முதலில் ஆடிய உள்ளூர் கிளப்புக்கும் சேரவேண்டும்.

மதுரைக்கு இதில் தனிப்பட்ட சிரத்தை இருக்க நியாயம் உண்டு. மதுரையின் பெயரால் ஆடுகிற அணியைப் பார்க்க, இவ்வூர் ரசிகர்கள் நத்தம் கல்லூரி மைதானத்திற்கோ திருநெல்வேலிக்கோ பஸ் ஏறிய காலம் போய், 2025 அக்டோபரில் சிந்தாமணியில் வேலம்மாள் கல்வி அறக்கட்டளை கட்டிய புதிய கிரிக்கெட் மைதானத்தை மகேந்திர சிங் தோனி வந்து திறந்துவைத்திருக்கிறார். கோடைக்காலத்தில் வைகை மணலிலும், அறுப்பு முடிந்த வயல்களிலும், டென்னிஸ் பந்தை விரலால் சுண்டி இரண்டு பக்கமும் திருப்புகிற பையன்கள் மேலூரிலும் உசிலம்பட்டியிலும் திருமங்கலத்திலும் உண்டு. அவர்கள் லெதர் பந்தைத் தொட்டிருக்கமாட்டார்கள். ஸ்பைக் ஷூ வாங்க வசதி இராது. எந்த ஏலப் பட்டியலிலும் அவர்களுடைய பெயர் ஏறாது. அடுத்த பருவத்திற்கு முன்னால், சிந்தாமணி மைதானத்தின் வலைகளை ஒரு வாரத்திற்கு அவர்களுக்குத் திறந்துவிட்டு, வருகிற ஒவ்வொருவனுக்கும் புதுப் பந்து ஒன்றைக் கையில் கொடுத்து ஆறு ஓவர் வீசச் சொல்லிப் பார்க்கும்படி மதுரை அணியின் நிர்வாகிகளையும் மாவட்டக் கிரிக்கெட் சங்கத்தாரையும் கேட்டுக்கொள்கிறேன்.